‘பாதிப்பு தெரியவில்லை’ என்று கம்ப்யூட்டர் சொன்னால் பக்கவாதம் இல்லையா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். போன மாதம் காலை ஏழு மணிக்கு, தோட்டத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அப்பாவுக்கு (வயது 64) வலது கை துவண்டு, பேச்சு குழறிவிட்டது. சி.டி. ஸ்கேன் எடுத்ததும் கம்ப்யூட்டரே படத்தை ஆராய்ந்து, ‘மதிப்பெண் 10, பாதிப்பு தெரியவில்லை’ என்று காட்டியதாம். ஆனால் டாக்டர் ஊசி போட்டு உடனே கோவைக்கு அனுப்பினார். இப்போது அப்பா நடக்கிறார், பேசுகிறார். யார் சொன்னது சரி, கம்ப்யூட்டரா டாக்டரா?

பதில்: இரண்டு பேருமே சரி. அப்பா நடக்கிறார் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது.

குழப்பம் அந்தப் பத்தில்தான் இருக்கிறது. ‘ஆஸ்பெக்ட்ஸ்’ என்ற இந்த மதிப்பெண் முறையைக் கனடாவின் கால்கரி நகர மருத்துவர்கள் 2000-இல் வெளியிட்டார்கள். மூளையின் ஒரு பாதியில், நடுப் பெருமூளைத் தமனி ரத்தம் கொடுக்கும் பரப்பைப் பத்துப் பகுதிகளாகப் பிரித்துக்கொண்டு, சேதம் தெரிகிற ஒவ்வொரு பகுதிக்கும் ஒன்று கழிக்க வேண்டும். 10 என்றால் படத்தில் இன்னும் சேதம் தெரியவில்லை என்று பொருள். ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கிறதா இல்லையா என்பதை அந்த எண் சொல்லாது.

ரத்தக்கட்டி அடைத்த இடத்தில் செல்கள் பட்டினி கிடந்து மெல்ல மெல்ல நீர் கோக்கும். நீர் கூடக்கூட அந்த இடம் ஸ்கேனில் லேசாகக் கறுக்கும். காதுக்கு உள்பக்கம், மூளையின் மடிப்புக்குள் இன்சுலா என்று ஒரு பகுதி ஒளிந்திருக்கிறது. அதன் ஓரம் படத்தில் மெல்லிய ரிப்பன் மாதிரித் தெரியும். பல நோயாளிகளுக்கு முதலில் மங்குவது அந்த ரிப்பன்தான். மூடுபனி இறங்கும்போது தேயிலை வரிசைகளுக்கு நடுவே இருக்கும் கோடு கரைந்து போகுமே, அப்படி. முதல் ஓரிரண்டு மணி நேரத்தில் இது கண்ணுக்குச் சிக்குவது கஷ்டம். கம்ப்யூட்டர் இடது பக்கத்தையும் வலது பக்கத்தையும் புள்ளி புள்ளியாக ஒப்பிட்டுப் பார்க்கும். நடுராத்திரியிலும் அதற்குக் களைப்பு வராது. அந்த விதத்தில் பெரிய துணைதான். ஆனால் தலை சாய்ந்திருந்தாலோ, நோயாளி அசைந்துவிட்டாலோ, பழைய வாதத்தின் தழும்பு இருந்தாலோ அது ஏமாறலாம். தடித்த எலும்புகளுக்கு நடுவே இருக்கும் மூளைத்தண்டு இந்த மதிப்பெண் கணக்கிலேயே வராது.

டாக்டருக்கு அந்த நேரத்தில் ஸ்கேனிலிருந்து முதலில் வேண்டியிருந்தது வேறு ஒரு பதில்: ரத்தக்கசிவு உண்டா? புதிய கசிவு வெள்ளையாக உடனே தெரிந்துவிடும். கசிவு இருக்கும்போது கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டால் உயிருக்கே ஆபத்து. கசிவு இல்லை, கை துவண்டிருக்கிறது, பேச்சு குழறுகிறது, அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரம் தாண்டவில்லை என்றால் ஊசி போடலாம். பெரிய ரத்தக்குழாயில் அடைப்பு என்று சந்தேகம் வந்தால், தொடை வழியாகக் குழாய் விட்டுக் கட்டியை எடுக்கும் வசதி உள்ள ஊருக்கு அனுப்புவார்கள். அதற்குப் பொதுவாக ஆறு மணி நேரம். படம் ஒத்துவரும் சிலருக்கு 24 மணி நேரம் வரைகூட. மதிப்பெண் 10 என்றால் காப்பாற்ற வேண்டிய மூளை நிறைய மிச்சம் இருக்கிறது. டாக்டர் அவசரப்பட்டதற்கு அதுவே காரணம்.

‘கம்ப்யூட்டரே ஒன்றுமில்லை என்றுவிட்டதே’ என்று வீட்டுக்குத் திரும்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். மறுநாள் படத்தில் அதே இடம் கறுத்துக் கிடக்கும். அதை நினைத்தால் இன்னும் வயிற்றைப் பிசைகிறது.

எந்தக் கம்ப்யூட்டருக்கும் தெரியாத ஒன்று உங்களுக்குத் தெரியும்: கடைசியாக அவர் நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு? தூங்கி எழுந்தபோதே கை துவண்டிருந்தால், படுக்கப் போன நேரத்தைச் சொல்லுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவரா என்பதையும் சொல்லிவிடுங்கள். 108-ஐக் கூப்பிட்டுவிட்டுக் காத்திருக்கும்போது வாயில் தண்ணீரோ மாத்திரையோ கொடுக்காதீர்கள், புரையேறிவிடும். மேட்டுப்பாளையம் சாலை மழையிலும் மண்சரிவிலும் எப்போது நிற்கும் என்று சொல்ல முடியாது. அதனால் ஸ்கேனும் ஊசியும் மலையிலேயே கிடைக்குமென்றால் முதலில் அங்கே, அப்புறம் கீழே.

அப்பாவின் ஸ்கேன் படங்களைப் பத்திரமாக வையுங்கள். இந்த வாதம் விட்டுப்போன தழும்பு இனி எடுக்கும் படங்களில் தெரியலாம். அதைக் கம்ப்யூட்டர் புதுசு என்று காட்டினால், பழையதுதான் என்று டாக்டர் உறுதி செய்ய அந்தப் படங்கள் வேண்டும்.