‘டு’ அல்ல, ‘ட்’

கேள்வி: நாகர்கோவிலில் பி.ஏ. ஆங்கில இலக்கியத்தில் முதல் வகுப்பில் தேறிய என் மகள், இங்கிலாந்தில் தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கான பி.ஜி.சி.இ. (பட்டம் பெற்றவர்களுக்கான ஆசிரியர் பயிற்சி) படிக்கிறாள். பயிற்சிக்குச் சென்ற பள்ளியில் ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு எழுத்தொலி சொல்லிக்கொடுத்தபோது, வழிகாட்டி ஆசிரியை இடைமறித்து அவளுடைய உச்சரிப்பைத் திருத்தினாராம். அன்றிரவு தொலைபேசியில் அழுதாள். ஆங்கிலம் படித்தவளுக்கு ஓர் எழுத்தைச் சொல்லத் தெரியாதா? பிள்ளைகளைத் தரையில் உட்காரவைத்துத்தான் அங்கே பாடம் நடக்கிறதாம்; இதற்காகவா இவ்வளவு செலவு? திரும்பி வந்தால் இந்தப் படிப்பு இங்கே வேலைக்கு உதவுமா?
– ஒரு வாசகி, தக்கலை

பதில்: உங்கள் மகளின் ஆங்கிலத்தில் குறை இருந்திருக்காது, நம் நாவின் பழக்கம் ஒன்றே அன்று குறுக்கே வந்திருக்கும் என்று எண்ணுகிறேன். தமிழ்ச் சொல் எதுவும் வல்லின மெய்யில் முடிவதில்லை. அதனால்தான் ‘கப்’ என்பதைக் ‘கப்பு’ என்றும் ‘பேட்’ என்பதைப் ‘பேட்டு’ என்றும் சொல்லி, கடைசியில் ஒரு குற்றியலுகரத்தை முட்டுக் கொடுத்துவிடுகிறோம். கல்குளம் வட்டத்தில் ஒன்றாம் வகுப்பை நீண்ட காலம் நடத்திய எனக்கும் இன்றுவரை அது ‘கப்பு’தான்.

பேச்சில் இதனால் கேடில்லை. ஆனால் இங்கிலாந்தின் தொடக்க வகுப்புகளில் எழுத்தின் பெயரை முன்னிறுத்தாமல், அதன் ஒலியைச் சொல்லி, ஒலிகளைக் கூட்டிச் சொல்லாக்கவே பிள்ளைகளைப் பழக்குகிறார்கள். ‘டிப்’ என்ற சொல்லுக்கு ட், இ, ப் என மூன்று ஒலிகளைத் தனித்தனியே தரவேண்டிய ஆசிரியை ‘டு, இ, பு’ என்று சொல்லிவிட்டால், அதைக் கேட்ட குழந்தை எப்படிக் கூட்டினாலும் ‘டிப்’ வராது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட பயிற்சி ஆசிரியர்களும் இதே இடத்தில் திருத்தப்படுவதுண்டு. ஆயினும், பிள்ளைகளின் முன்னிலையில் திருத்தாமல் பிறகு தனியே சொல்லியிருக்கலாம். அந்த வருத்தம் நியாயமானதே.

அங்கே இதில் இத்தனை கண்டிப்புக் காட்டக் காரணம் உண்டு. நம் ஒன்றாம் வகுப்பைப் போன்ற அவர்களுடைய ‘ஒன்றாம் ஆண்டு’ மாணவர் ஒவ்வொருவரும் ஜூன் மாதத்தில் ஆசிரியர் முன் 40 சொற்களைப் படித்துக் காட்டவேண்டும். 2012 முதல் நடந்துவரும் இந்தச் சோதனையில் 20 சொற்கள் பொருளே இல்லாதவை. கற்பனை விலங்குகளின் பெயர் என்று படத்தோடு தரப்படுபவை. சொல்லின் உருவத்தை மனப்பாடம் செய்த பிள்ளை அந்த இருபதில் சிக்கிக்கொள்ளும்.

மகளுக்கு இதைச் சொல்லுங்கள்: நாம் சிறுவயதில் க், ங், ச் என்பவற்றை ‘இக், இங், இச்’ என்றுதானே படித்தோம்? அந்த ‘இட்’டில் முன்னால் வரும் இகரத்தை மனத்துக்குள் வைத்துக்கொண்டு, எஞ்சிய ‘ட்’டை மட்டும் வெளியே விடட்டும். ட், இ சேர்ந்தால் டி என்று உயிர்மெய் கூட்டிப் பழகியவளுக்கு அடுத்த படியை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. தொண்டையில் விரலை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ப், ட், க், ஸ் சொல்லும்போது அதிர்வு தெரிந்தால் உகரம் ஒட்டிக்கொண்டது என்று பொருள். ‘நம்பு’, ‘நண்டு’ என்பவற்றின் கடைசியில் வரும் மெலிந்த ப, ட ஒலிகளுக்கு இச்சோதனை பொருந்தாது. அவை இயல்பாகவே அதிர்பவை.

தரையில் அமர்வதைப் பற்றிக் கவலை வேண்டாம். நம் செயல்வழிக் கற்றல் வகுப்புகளிலும் பிள்ளைகள் பாயில்தான் அமர்ந்தார்கள், ஆசிரியரும் கூடவே அமர்ந்தார். அன்றும் பெற்றோர் பெஞ்சு எங்கே என்றுதான் கேட்டார்கள்.

வேலையைப் பற்றி உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அங்கே ஆசிரியத் தகுதி பெற, குறைந்தது இரண்டு பள்ளிகளில் 120 நாட்களாவது பயிற்சி பெறவேண்டும். அத்தனை உழைப்பும் இங்கே அரசுத் தொடக்கப் பள்ளி வேலைக்கு நேரடியாகச் செல்லாது. தொடக்கக் கல்விப் பட்டயமும் ஆசிரியர் தகுதித் தேர்வின் முதல் தாளில் தேர்ச்சியும் கேட்பார்கள். 2023-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பின் பி.எட். பட்டம்கூட ஐந்தாம் வகுப்புவரை கற்பிக்கப் போதாது. தனியார் பள்ளிகள் அவளை வரவேற்கலாம். அரசுப் பணிதான் குறிக்கோள் என்றால், பட்டயப் படிப்புக்கு இன்னும் இரண்டு ஆண்டுகளை இப்போதே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.