இரண்டு லட்ச ரூபாய் ரெக்கார்டரா, முப்பத்தைந்தாயிரம் ரூபாய் ரெக்கார்டரா?

கேள்வி: மதுரையில் ஒலிப்பதிவாளராக இருக்கிறேன். வயது 31. ஆவணப்படம், கம்பெனி வீடியோ, குறும்படம், இடையில் கல்யாணப் படங்கள் என்று வேலை ஓடுகிறது. மாதம் சராசரியாக 45,000 ரூபாய் வரும். ஆடியிலும் மார்கழியிலும் அதில் பாதிகூடத் தேறாது. வீட்டுச் செலவு 28,000. வங்கியில் 1,60,000 இருக்கிறது. மைக்குகள் சொந்தம், ரெக்கார்டர் வாடகை. மாதத்தில் பத்து நாள் சின்ன ரெக்கார்டர், நாளுக்கு 800 ரூபாய். இரண்டு நாள் பெரியது, நாளுக்கு 2,000. இப்போது சொந்தமாக வாங்க நினைக்கிறேன். ஜூம் எஃப்3 35,000 என்றும், சவுண்ட் டிவைசஸ் மிக்ஸ்ப்ரீ-6 II 2,10,000 என்றும் கடையில் விலை சொன்னார்கள். பெரியதற்கு 16 சதவீத வட்டியில் மூன்று வருடத் தனிநபர் கடன் தர வங்கி தயாராக இருக்கிறது. "தொழிலுக்கு வாங்குவதை மட்டமாக வாங்காதே, வரியும் மிச்சமாகும்" என்கிறார் நண்பர். எதை வாங்கட்டும்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: எஃப்3-ஐ வாங்குங்கள், கையிருப்புப் பணத்திலேயே. மிக்ஸ்ப்ரீ தேவைப்படும் நாளில் இப்போதுபோலவே வாடகைக்கு எடுங்கள்.

சின்ன ரெக்கார்டர் வாடகையாக மாதம் 8,000 ரூபாய் கொடுக்கிறீர்கள். எஃப்3 வந்துவிட்டால் அந்த 8,000 நின்றுவிடும். 35,000 ரூபாய் நான்கரை மாதத்துக்குள் திரும்பிவிடுகிறது. இதில் யோசிக்க எதுவும் இல்லை. போன வருடமே வாங்கியிருக்க வேண்டியது.

மிக்ஸ்ப்ரீக்கு வருவோம். அதற்குக் கூடுதலாகத் தரப்போவது 1,75,000 ரூபாய். அந்தக் கூடுதல் பணம் எதை மிச்சப்படுத்துகிறது? மாதம் இரண்டு நாள் பெரிய ரெக்கார்டர் வாடகையை, அதாவது 4,000 ரூபாயை மட்டும்தான். பத்து நாள் வாடகையை நிறுத்த எஃப்3 போதும். ஆக, கூடுதல் பணம் திரும்பிவர ஏறக்குறைய 44 மாதம். கடன் வாங்கினால் இன்னும் நீளும். 2,10,000 ரூபாய்க்கு 16 சதவீதத்தில் 36 மாதத் தவணை சுமார் 7,380 ரூபாய். மொத்த வட்டி மட்டும் 55,000-ஐத் தாண்டுகிறது. அதையும் சேர்த்தால் ஐந்து வருடத்தைத் தொடுகிறது கணக்கு. கடைசியில் விற்றால் கொஞ்சம் பணம் வரும் என்பது உண்மை. ஆனால் அப்போது சந்தையில் என்ன புது மாடல் வந்திருக்கும் என்பதைப் பொறுத்தது அந்த விலை.

வட்டியைவிட என்னை உறுத்துவது ஆடி மாதம். வாடகை என்பது வேலை இருக்கும் நாளில் மட்டும் வரும் செலவு. வேலை இல்லையென்றால் அதுவும் இல்லை. தவணைக்கு ஆடியும் தெரியாது, மார்கழியும் தெரியாது. இருபதாயிரம் வரும் மாதத்தில் வீட்டுக்கு 28,000-ம் தவணைக்கு 7,380-ம் எடுத்து வைக்க வேண்டியிருக்கும். அந்தப் பள்ளத்தை நிரப்பப்போவது கிரெடிட் கார்டுதான், அதன் வட்டியோடு ஒப்பிட்டால் 16 சதவீதம் மலிவு.

"மட்டமானது" என்ற சொல்லைப் பற்றியும் பேச வேண்டும். எனக்கு ஒலிப்பதிவுத் துறையில் வாடிக்கையாளர்கள் உண்டு, அதனால் இந்தக் கருவிகளின் கதை கொஞ்சம் தெரியும். 2009-இல் வந்த ஜூம் எச்4என் காலத்தில் மலிவான ரெக்கார்டரில் மைக்கைச் செருகினால் இரைச்சல் காதில் விழும். விலை கூடினால் ஒலி சுத்தமாகும் என்பது அன்று சரி. இன்று அந்த இடைவெளி அநேகமாக மூடிவிட்டது. எஃப்3-இன் உள்ளீட்டு இரைச்சல் அளவு மைனஸ் 127 டிபியு (எண் கீழே போகப் போக இரைச்சல் குறைவு). மிக்ஸ்ப்ரீயின் விளம்பரத்தில் மைனஸ் 130 என்று இருக்கும், ஆனால் அது டிபிவி. இரண்டும் வேறு அலகு. ஒரே அலகுக்கு மாற்றினால் வித்தியாசம் ஒரு டெசிபல்கூட இல்லை. மதுரைத் தெருவில் எடுக்கும் பேட்டியில் அதை யாரும் கேட்கப் போவதில்லை. இரண்டிலும் 32 பிட் ஃப்ளோட் இருக்கிறது, அதாவது ஒலி கூடினாலும் குறைந்தாலும் பிறகு சரிசெய்துகொள்ள இடம் தரும் பதிவு முறை. அதனால் எஃப்3-இல் கெயின் திருகே (மைக்கின் ஒலி அளவைக் கூட்டிக் குறைப்பது) கிடையாது. (அதற்காக எதையும் மீட்டுவிடலாம் என்று நினைக்க வேண்டாம். வயர்லெஸ் காலர் மைக்கின் டிரான்ஸ்மிட்டரிலேயே ஒலி உடைந்துவிட்டால் எந்த ரெக்கார்டராலும் ஒட்டவைக்க முடியாது.)

பிறகு எதற்கு அந்த விலை? எஃப்3-இல் இரண்டே மைக் செருகலாம். மிக்ஸ்ப்ரீ-6 II-இல் நான்கு எக்ஸ்எல்ஆர் (மைக் செருகும் துளை) உண்டு. நான்கு பேர் உட்கார்ந்து பேசினால் நான்கு பேருக்கும் தனித்தனி டிராக். ஒலியையும் கேமராப் படத்தையும் நேரம் பொருத்த உதவும் டைம்கோடு கருவியிலேயே இருக்கிறது. எஃப்3-க்கு அதற்கென்று புளூடூத் அடாப்டரும் தனிக் கருவியும் வாங்க வேண்டும். மெமரி கார்டில் பதிவாவதை மிக்ஸ்ப்ரீ யுஎஸ்பி டிரைவிலும் நகல் எடுத்துவைக்கும்; எஃப்3-இல் ஒரே ஒரு மைக்ரோ எஸ்டி. இந்த வசதிகள் கேமரா இரண்டு மூன்று ஓடும் நாளிலும், மறுபடி எடுக்க முடியாத நிகழ்ச்சியிலும் உயிர்காப்பவை. அப்படிப்பட்ட நாள் உங்களுக்கு மாதத்தில் இரண்டு. மற்ற பத்து நாளும் ஒரு பூம் (நீளக் கம்பில் மாட்டிய மைக்), ஒரு காலர் மைக்.

அந்த இரண்டு நாள் ஐந்தாகி, நாலைந்து மாதம் தொடர்ந்து ஐந்தாகவே இருந்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள். அப்போது மாத வாடகை 10,000; மிக்ஸ்ப்ரீக்குப் போடும் 2,10,000 இருபத்தொரு மாதத்தில் திரும்பும், கடன் வாங்கினாலும் தாங்கும். அப்போதும் நேரே மிக்ஸ்ப்ரீக்குத் தாவாமல் ஜூம் எஃப்6-ஐ ஒரு முறை வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். ஆறு எக்ஸ்எல்ஆர், டைம்கோடு, 32 பிட் ஃப்ளோட் எல்லாம் அதில் உண்டு, விலை வெகுவாகக் குறைவு. பெரியதை எப்போது வாங்கினாலும் எஃப்3 வீணாகாது, மாற்று ரெக்கார்டராகப் பையில் இருக்கும்.

வரி மிச்சம் என்று நண்பர் சொன்னது உங்களுக்குப் பொருந்தாது. உங்கள் ஆண்டு வரவே ஐந்தரை லட்சத்துக்குள். 2025-26 நிதியாண்டிலிருந்து புதிய வரி முறையில் 12 லட்சம் வரையிலான வருமானத்துக்கு முழுத் தள்ளுபடி இருப்பதால் நீங்கள் கட்ட வேண்டிய வரியே பூஜ்யம். இல்லாத வரியில் எதை மிச்சப்படுத்துவது? ஜிஎஸ்டியும் அப்படித்தான். 2,10,000 ரூபாய் விலைக்குள் சுமார் 32,000 ரூபாய் ஜிஎஸ்டி இருக்கிறது. பதிவு செய்தவர் அதை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். சேவைத் தொழிலில் 20 லட்சத்துக்குக் கீழே இருப்பதால் பதிவு செய்யாத உங்களுக்கு அது முழுச் செலவு. நண்பர் பெரிய ஸ்டுடியோ வைத்திருப்பவரோ என்னவோ, அவர் கணக்கு அவருக்குச் சரி.

மாறாக, கம்பெனி வீடியோ வேலைகளில் உங்களுக்கு டிடிஎஸ், அதாவது பணம் தரும்போதே கழிக்கும் வருமான வரி, பிடித்திருக்கக்கூடும். அப்படிப் பிடித்த வரியைக் காட்டும் படிவம் 26ஏஎஸ் எடுத்துப் பாருங்கள். ரிட்டர்ன் தாக்கல் செய்யாமல் விட்டிருந்தால் உங்கள் பணம் வருமான வரித் துறையிடம் சும்மா கிடக்கிறது. எஃப்3 விலையில் ஒரு பகுதி அங்கிருந்தே வரக்கூடும்.

வாங்கும்போது ரெக்கார்டரோடு கார்டு, ரீசார்ஜ் பேட்டரி, பவர் பேங்க், பை எல்லாம் சேர்த்து 45,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். வங்கியில் 1,15,000 மிஞ்சும். நான்கு மாத வீட்டுச் செலவு. அதைத் தொட வேண்டாம். மிச்சமாகும் வாடகை 8,000-இல் பாதியை ஒவ்வொரு மாதமும் தனி ஆர்டியில் போடுங்கள், ஆடி, மார்கழியில் மட்டும் விட்டுவிடலாம். பில் இல்லாமல் இரண்டாயிரம் குறைத்துத் தருகிறேன் என்பவரிடம் வாங்காதீர்கள். பழுதானால் வாரண்டிக்குப் போக வழி இருக்காது.

அடுத்த வேலையிலிருந்து கொட்டேஷனில் உங்கள் சம்பளத்தையும் கருவி வாடகையையும் இரண்டு வரியாகப் பிரித்து எழுதுங்கள். எஃப்3-க்கு 800, பெரியது வேண்டுமென்றால் 2,000. இதுவரை உங்கள் கூலிக்குள் மறைந்திருந்த அந்தப் பணத்தைத் தயாரிப்பாளர் பார்த்தே ஆக வேண்டும். டைம்கோடு கட்டாயம் வேண்டும் என்று கேட்பவர் அந்த 2,000-ஐத் தரத் தயங்கினால், அன்றைக்கு எஃப்3-ஐயே எடுத்துப்போங்கள்.