கடன், பியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்: அண்ணாச்சியிடம் கேட்டவை

(பாளையங்கோட்டையில் வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அண்ணாச்சி, நெல்லைச் சீமையிலிருந்து வந்த கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

களக்காடு, வாழை விவசாயி: குலை தள்ளும் முன்னாலேயே வியாபாரி அட்வான்ஸ் தந்து விலை பேசிவிடுகிறார் அண்ணாச்சி. பியூச்சர்ஸ் என்பதும் இதுதானா?

பாதி இதுதான். பின்னால் கைமாறப்போகும் சரக்குக்கு இன்றே விலை பேசுவது இரண்டிலும் உண்டு. ஆனால் உங்கள் வியாபாரி விலையோடு சேர்த்துக் கடனும் தருகிறார். உரத்துக்கும் முட்டுக்கம்புக்கும் பணம் வேண்டியிருந்ததால்தான் அவர் சொன்ன விலைக்குத் தலையாட்டியிருப்பீர்கள். வெட்டும்போது விலை ஏறினால் லாபம் அவருக்கு. காற்றடித்துத் தோட்டம் சாய்ந்தால் அட்வான்ஸ் உங்கள் தலையில் நிற்கும்.

எக்ஸ்சேஞ்சில், அதாவது இதற்கென்றே உள்ள சந்தையில், நடக்கும் பியூச்சர்ஸில் அந்த ஒப்பந்தத்தையே விற்கலாம். வாங்குகிறவருக்கும் விற்கிறவருக்கும் ஒரு குலைகூட சொந்தமாக இருக்க வேண்டாம். நஷ்டத்தை அன்றன்றைக்கே கணக்குப் பார்த்துக் கட்ட வேண்டும். கையில் ரொக்கம் உள்ளவர்தான் தாக்குப்பிடிப்பார். அரசும் சும்மா பார்த்துக்கொண்டிருக்காது. விலைவாசி ஏறிய 2021 டிசம்பரில் பாசுமதி அல்லாத நெல், கோதுமை, கடுகு உட்பட 7 சரக்குகளின் பியூச்சர்ஸ் வர்த்தகத்தை, பங்குச் சந்தையையும் சரக்குச் சந்தையையும் கண்காணிக்கும் செபி நிறுத்தி வைத்தது.

வள்ளியூர், இளைஞர்: ஆப்ஷன்ஸில் 2 லட்சம் போய்விட்டது. பாதி, போன் ஆப்பில் வாங்கிய கடன். 'பேராசை' என்று வீட்டில் திட்டுகிறார்கள்.

தம்பி, ஆப்ஷன்ஸ் என்றால் பின்னால் ஒரு விலைக்கு வாங்கவோ விற்கவோ உள்ள உரிமையை மட்டும் இன்றே ஒரு தொகை கட்டி வாங்குவது; விலை நினைத்தபடி போகாவிட்டால் கட்டிய தொகை போய்விடும். முதலில் செபியே 2024 செப்டம்பரில் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். 2022 முதல் 2024 வரையான 3 நிதியாண்டுகளில், பியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். சராசரியாக ஆளுக்கு 2 லட்சம் ரூபாய். மொத்தம் 1.8 லட்சம் கோடிக்கு மேல். 2024 நிதியாண்டில் வர்த்தகம் செய்தவர்களில் முக்கால்வாசிப் பேர் ஆண்டு வருமானம் 5 லட்சத்துக்குக் கீழ் என்று சொன்னவர்கள். அதே ஆண்டில் தரகு நிறுவனங்களின் சொந்தக் கணக்குகளும் வெளிநாட்டு முதலீட்டாளர்களும் செலவு கழிக்கும் முன் சுமார் 61,000 கோடி சம்பாதித்தார்கள். அதில் பெரும்பகுதி கம்ப்யூட்டர் தானாகப் போடும் ஆர்டர்களில் வந்தது.

நூறில் 93 பேர் தோற்கிற இடத்தில் ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேராசைக்காரர் என்று சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வேலை கிடைக்காத பிள்ளைகளின் போனில் இதை வருமானம் என்று காட்டிய விளம்பரங்களுக்குப் பொறுப்பு இல்லையா? ஆனால் விட்டதைப் பிடிக்க இன்னொரு கடன் மட்டும் வாங்காதீர்கள். வீட்டில் முழுத்தொகையையும் சொல்லிவிடுங்கள்.

முக்கூடல், பீடி சுற்றும் அக்கா: குழு லோன் வாங்கியிருக்கிறேன். வாராவாரம் நான் கட்டுகிற பணம் யாருக்குப் போகிறது?

அக்கா, பாஸ்புத்தகத்தில் இருக்கும் கம்பெனிக்கே போகிறது என்று நினைத்திருப்பீர்கள். பல சமயம் அது வழியில் நிற்கிற கை மட்டும்தான். உங்களைப் போல ஆயிரக்கணக்கானவர்களின் கடன்களை ஒரே கட்டாகக் கட்டி, 'இவர்கள் கட்டப்போகும் தவணை இனி உங்களுக்கு' என்று வங்கிகளுக்கும் முதலீட்டாளர்களுக்கும் விற்கிறார்கள். கம்பெனிக்குப் பணம் உடனே வந்துவிடும். அதை வைத்து அடுத்த தெருவில் அடுத்த கடன் கொடுக்கலாம். அமெரிக்காவில் வீட்டுக்கடனை இப்படிக் கட்டி விற்று, அதன்மேல் காப்பீடு போன்ற டெரிவேட்டிவ்களையும் (இன்னொன்றின் மதிப்பை வைத்துப் போடும் ஒப்பந்தங்கள்) அடுக்கியதுதான் 2008-இல் சரிந்தது. அப்போது ஏஐஜி என்ற காப்பீட்டு நிறுவனத்தைக் காப்பாற்ற அந்நாட்டு மத்திய வங்கி முதல் தவணையாகவே 8,500 கோடி டாலர் வரை கடன் கொடுத்தது. வீடு இழந்த குடும்பங்களுக்கு அந்த வேகத்தில் யாரும் ஓடி வரவில்லை.

'ஒருத்தி பணம் கொண்டுவராவிட்டால் மற்ற ஒன்பது பேரையும் எழுந்திருக்க விடமாட்டார்கள், பீடித்தட்டு வீட்டில் காய்ந்து கிடக்கும்' என்று எழுதியிருந்தீர்கள். அதுதான் எனக்கு மனசு கேட்காத இடம். அடமானமாக நகை வாங்கவில்லை, பக்கத்து வீட்டுச் சிநேகிதத்தை வாங்கியிருக்கிறார்கள். கட்டு கட்டாக விற்ற கடனுக்கு மதிப்பு நிற்பதே நீங்கள் ஒருவரையொருவர் நெருக்குவதால்தான்.

ரிசர்வ் வங்கியின் 2022 விதிகள் உங்கள் பக்கம் சில சொல்கின்றன. ஆண்டு வருமானம் 3 லட்சம் வரை உள்ள குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூலுக்குக் கூப்பிடக் கூடாது. முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது.

மேலப்பாளையம், கடைக்காரர்: பெரிய கம்பெனிக் கடன்களை மட்டும் தள்ளுபடி செய்கிறார்களே?

வராத கடனை வங்கி தன் கணக்குப் புத்தகத்திலிருந்து நீக்கிவைப்பது வேறு, தள்ளுபடி வேறு. நீக்கிய பிறகும் வசூலிக்கலாம். 2022 வரையான 5 நிதியாண்டுகளில் இப்படி நீக்கியது சுமார் 10 லட்சம் கோடி. ஆனாலும் உங்கள் கோபம் நியாயமானதுதான். பெரிய கடனாளிக்குப் பேச்சுவார்த்தை மேசை போடுகிறார்கள், சின்னக் கடனாளி வீட்டு வாசலில் ஆள் நிற்கிறது.

ஆலங்குளம், பெயர் வேண்டாம் என்றவர்: கந்துவட்டிக்கு வெற்று புரோநோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். பயமாக இருக்கிறது.

2017 அக்டோபரில் நெல்லை கலெக்டர் அலுவலக வளாகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் கணவன், மனைவி, இரண்டு சின்னக் குழந்தைகள் தீயில் போனதை இந்த மாவட்டம் மறக்கவில்லை. நீங்கள் தனியாக இல்லை. தமிழ்நாட்டின் 2003 அதீத வட்டித் தடைச் சட்டப்படி கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாமே குற்றம்; 3 ஆண்டு வரை சிறை. அரசு நிர்ணயித்த வட்டியோடு அசலை நீதிமன்றத்தில் கட்டி மனுப் போடவும் அதே சட்டத்தில் வழி உண்டு. இதுவரை கட்டியதை, தேதியும் தொகையுமாக, இன்றைக்கே ஒரு நோட்டில் எழுதுங்கள். ஜிபே ரசீது, மிரட்டிய போன் பதிவு எதையும் அழிக்காதீர்கள். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வக்கீல் கேட்கலாம். போகும்போது துணைக்கு ஒருவரைக் கூட்டிப் போங்கள்.