பிள்ளையிடம் வாங்கிய கடன்

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் ராமேசுவரம் தீவில் தங்கச்சிமடம் பக்கம் இருக்கிறோம். வீட்டுக்காரர் விசைப்படகில் பங்குக்குப் போகிறார். மகனுக்கு வயது 11, மகளுக்கு 8. சவுதியிலிருந்து லீவில் வந்த என் தம்பி, மகன் கையில் 500 ரூபாய் கொடுத்தான். சாயங்காலத்துக்குள் அவ்வளவையும் தீர்த்துவிட்டு வந்து நிற்கிறான். கூட்டாளிகள் நாலு பேருக்குப் புரோட்டா, ஐஸ்கிரீம், மிச்சத்துக்கு ஒரு பேட்டரி கார். அப்பாவிடம் நல்ல அடி. இனி அவன் கையில் காசே கொடுக்கக் கூடாது என்கிறார். மகள் அப்படி இல்லை, கிடைப்பதை உண்டியலில் போட்டுவிடுவாள். இந்த மீன்பிடித் தடைக்காலத்தில் சிலிண்டருக்குப் பணம் குறைந்தபோது அதை உடைத்துத்தான் சமாளித்தோம். அவளைப் பற்றிக் கவலை இல்லை. இவனுக்குக் காசின் அருமையை எப்படிச் சொல்லிக்கொடுப்பது? என் பெயர் போட வேண்டாம்.

*

அன்புள்ள தங்கைக்கு,

நீங்கள் மகனைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு மகளைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும். உண்டியலை உடைத்ததைப் போகிற போக்கில் ஒரு வரியில் எழுதிவிட்டீர்கள். அதில் எவ்வளவு இருந்தது? அவளைக் கேட்டுவிட்டு உடைத்தீர்களா? எப்போது திருப்பித் தருவதாகச் சொன்னீர்கள்?

குற்றம் சொல்வதற்காகக் கேட்கவில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் படகு கரையில் கிடக்கும். அரசு கொடுக்கிற 8,000 ரூபாய் நிவாரணத்தில் இரண்டு மாதம் குடும்பம் ஓட்டுவது எப்படி என்று நம் கரையில் பிறந்த யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சிலிண்டர் தீர்ந்தால் உண்டியல் உடையத்தான் செய்யும். உடைத்ததற்கு அப்புறம் என்ன நடந்தது என்பதுதான் என் கேள்வி.

எனக்குப் பத்து வயது இருக்கும்போது நடந்ததைச் சொல்கிறேன். முழுப்பரீட்சை லீவில் கரைவலை இழுக்கிற இடத்தில் போய் நிற்போம். கயிற்றில் கைபோட்டு இழுத்தால், வலையின் மடி கரையேறியதும் பிள்ளைகளுக்கும் ஆளுக்கு ஒரு கை அள்ளிப் போடுவார்கள். காரல், சூடை, நெத்திலி, எது பட்டதோ அது. குழம்புக்குப் போக மிச்சத்தை என் அப்பத்தா தன் கருவாட்டோடு காயப்போட்டு விற்று, என் காசைத் தனியாக என்னிடம் கொடுத்துவிடுவாள். சைக்கிள் வாங்க வேண்டும் என்று அதை அப்பாவிடம் கொடுத்துவைத்தேன். ஒரு லீவு முடிவதற்குள் 140 ரூபாய் சேர்ந்திருந்தது. வலைக்கு நூல் வாங்க அப்பா அதை எடுத்துவிட்டார். எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடம் திறந்த பிறகு கேட்டபோது, "உனக்குச் சோறு போடுறது யாரு?" என்றார்.

அவர் சொன்னது சரிதான். அந்த நூல் இல்லாவிட்டால் வலை இல்லை, வலை இல்லாவிட்டால் சோறு இல்லை. ஆனால் பத்து வயதுப் பையனுக்கு அதில் புரிந்தது ஒன்றே ஒன்று. காசை வைத்திருந்தால் போய்விடும். வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்க ஆரம்பித்த பிறகும் பல வருஷம் எனக்கு அந்தப் பயம் போகவில்லை. கைக்கு வந்ததை மாதம் பாதி தாண்டுவதற்குள் செலவழித்துவிட்டுக் கடன் கேட்டு நின்றிருக்கிறேன்.

அப்பத்தாவும் என்னிடம் கைமாற்று வாங்குவாள். பஸ்ஸுக்குச் சில்லறை, உப்புக்கு இரண்டு ரூபாய், இப்படி. வாங்கியதும் அடுப்படிச் சுவரில் கரித்துண்டால் கோடு போடுவாள், ரூபாய்க்கு ஒரு கோடு. சந்தைக்குப் போய்த் திரும்பியதும் கூடையை இறக்கிவைத்துவிட்டு முதல் வேலையாக முந்தானை முடிச்சை அவிழ்ப்பாள். நாணயத்தில் கருவாட்டு வாடை அடிக்கும். என் உள்ளங்கையில் வைத்துவிட்டு, "அழிச்சுருப்பா" என்பாள். எச்சில் தொட்டு நானே அழிக்க வேண்டும். கோடு போய்விடும், சாம்பல் நிறத்தில் ஒரு கறை நிற்கும். அந்த வீட்டை இடிக்கும் வரைக்கும் கறைகள் சுவரில் இருந்தன. அப்பத்தா படித்தவள் இல்லை. காசு விஷயத்தில் நான் யாரிடமாவது ஏதாவது கற்றுக்கொண்டிருந்தால் அது அவளிடம்தான்.

அதனால் உங்கள் மகளிடம் இன்றைக்கே பேசுங்கள். "உன் காசு இவ்வளவு எடுத்தேன், சிலிண்டருக்குப் போச்சு, படகு போனதும் தருவேன்" என்று சொல்லுங்கள். காலண்டரில் அவளையே எழுதவிடுங்கள். எட்டு வயதுப் பிள்ளை, அதிலும் பெண் பிள்ளை, கேட்காமலே விட்டுக்கொடுத்துவிடும். வீடும் அதைக் கெட்டிக்காரப் பிள்ளை என்று சொல்லிவிட்டுப் போய்விடும். எனக்கு அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

இனி மகனுக்கு வருகிறேன். அவன் செய்தது புதிதாக ஒன்றும் இல்லை. மீன்பாடு நன்றாக இருந்த அன்றைக்குக் கூட வந்தவர்களுக்கு டீயும் புரோட்டாவும் வாங்கிக் கொடுக்காத ஆளை நம் கரையில் பார்த்திருக்கிறீர்களா? கையில் வந்த அன்றைக்குக் கூட்டாளியோடு தின்பதை அவன் அப்பாவிடமிருந்துதான் படித்திருக்கிறான். அது நல்ல குணம், அதை அடித்து விரட்டிவிடாதீர்கள். அடி வாங்கினால் அடுத்த தடவை எவ்வளவு செலவழித்தான் என்பதை மறைப்பான், அவ்வளவுதான் நடக்கும்.

அவன் பார்க்காதது ஒன்று இருக்கிறது, பங்கு பிரிக்கிற கணக்கு. ஜூனில் படகு போக ஆரம்பித்ததும் அப்பா அவனைப் பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டட்டும். மீன் போட்ட பணம் இவ்வளவு. டீசலுக்கு இவ்வளவு, ஐஸுக்கு இவ்வளவு, சாப்பாட்டுச் சாமானுக்கு இவ்வளவு. அது போக மிச்சத்தில் படகுக்கும் வலைக்கும் ஒரு பங்கு. அப்புறம்தான் ஆட்களுக்கு. வலைக்கு எதற்குப் பங்கு என்று அவன் கட்டாயம் கேட்பான். வலை கிழியும், படகுக்கு மராமத்து வரும், அதற்கு இப்போதே எடுத்துவைக்காவிட்டால் அன்றைக்கு யாரிடமாவது போய் நிற்க வேண்டும் என்று அவர் சொல்லட்டும். அடுத்த தடவை மாமா காசு கொடுக்கும்போது, "இதில் உன் வலைக்கு எவ்வளவு?" என்று கேட்டால் அவனுக்குப் புரியும். அவனுடைய வலை செருப்பாக இருக்கலாம், ஜியாமெட்ரி பாக்ஸாக இருக்கலாம்.

மாதம் முதல் தேதி கைச்செலவுக்குக் கொடுங்கள் என்று பத்திரிகைகளில் எழுதுவார்கள். அது சம்பளக்காரர் வீட்டுக்குச் சரி. ராமேசுவரம் பக்கம் விசைப்படகு வாரத்தில் மூன்று நாள்தான் போகும், காற்று எச்சரிக்கை வந்தால் கடலுக்குப் போக மீன்வளத்துறை கொடுக்கிற டோக்கனும் கிடையாது. அதனால் பங்கு வருகிற நாளில் கொடுங்கள். பாடு இல்லாத வாரம் இல்லை என்று சொல்லுங்கள். கொடுப்பது கொஞ்சமாக இருக்கட்டும், ஆனால் நோட்டாக, சில்லறையாகக் கையில் கொடுங்கள். உங்கள் போனை வாங்கி ஸ்கேன் பண்ணுகிற பிள்ளைக்குக் காசு குறைவது கண்ணுக்குத் தெரியாது.

அடுத்த தடைக்காலத்துக்கு அவனையே கணக்குப் போடச் சொல்லுங்கள். 61 நாளைக்கு நாளொன்றுக்கு 5 ரூபாய் என்றால் 305 ரூபாய். பொங்கல் கழிந்த நாளிலிருந்து ஏப்ரல் 14 வரை ஏறக்குறைய 13 வாரம். வாரத்துக்கு 24 ரூபாய் எடுத்துவைத்தால் வந்துவிடும். அவனால் முடியாமல் போகலாம், மே மாதம் பிறப்பதற்குள் தீர்த்துவிட்டு வந்து நிற்கலாம். நிற்கட்டும். மேலே போட்டுக் கொடுக்காதீர்கள், திட்டவும் வேண்டாம். மே மாத வெயிலில் ஐஸ்காரர் மணி அடித்துக்கொண்டு போகும்போது கையில் காசு இல்லாமல் நிற்பது ஒரு கஷ்டம்தான். 11 வயதில் அந்தக் கஷ்டம் பத்து ரூபாயோடு முடிந்துவிடும். 30 வயதில் வட்டிக்கு விடுகிற தண்டல்காரரிடமோ படகு முன்பணத்திலோ கொண்டுபோய்விடும். முன்பணம் வாங்கிவிட்டு வேறு படகு மாற முடியாமல் வருஷக்கணக்கில் கிடக்கிற ஆட்களை உங்கள் வீட்டுக்காரருக்கே தெரிந்திருக்கும்.

உங்கள் வீட்டில் மீனவர் சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் சேர்ந்திருந்தால் அதையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். மீனவர் 1,500 ரூபாய் கட்டினால் அரசு 3,000 சேர்த்து, 4,500 ஆகத் திரும்பி வருகிறது. பாடு இருக்கிற மாதத்தில் கட்டியது பாடு இல்லாத மாதத்தில் வருகிறது என்று சொன்னாலே அவர்களுக்கு விளங்கிவிடும்.

வங்கி பற்றிச் சுருக்கமாக. 10 வயது முடிந்த பிள்ளை தன் பெயரில் கணக்குத் தொடங்கித் தானே நடத்தலாம் என்று ரிசர்வ் வங்கி அனுமதித்திருக்கிறது. 2025 ஏப்ரலில் அதை மறுபடியும் தெளிவாக்கிச் சுற்றறிக்கை விட்டது. எவ்வளவு எடுக்கலாம் என்கிற வரம்பை அந்தந்த வங்கி வைக்கும். தபால் ஆபீஸிலும் 10 வயதானால் 500 ரூபாய் போட்டுச் சேமிப்புக் கணக்குத் தொடங்கலாம். மகனைக் கூட்டிக்கொண்டு போங்கள், பாரத்தை அவனே எழுதட்டும். மகளுக்கு 10 வயது ஆவதற்குள் செல்வமகள் திட்டத்தில் சேர்த்துவிடுங்கள், வருஷத்துக்குக் குறைந்தது 250 ரூபாய் கட்டினால் போதும். ஆனால் அது அவளுக்காக நீங்கள் போடுகிற பணம். அவள் உண்டியல் காசைக் கொண்டுபோய் அதில் போட்டுவிட்டு, பேங்கில் இருக்கிறது என்று சொல்லிவிடாதீர்கள். அவள் எடுத்து எண்ணிப் பார்க்கிற காசு கையெட்டுகிற இடத்தில் இருக்க வேண்டும்.

ஜூன் 15-க்குப் பிறகு முதல் மீன்பாட்டுப் பணம் வீட்டுக்கு வரும். கடைப் பாக்கி இருக்கும், குழுக் கடன் தவணை இருக்கும், பள்ளிக்கூடம் திறந்து நோட்டுக்கு வேறு கேட்டிருப்பார்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் மகளைக் கூப்பிட்டு அவள் காசைக் கொடுங்கள். சில்லறையாகவே கொடுங்கள். அவள் தரையில் பரப்பிவைத்து எண்ணி முடிக்கிற வரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள், அண்ணனும் பார்க்கட்டும். புது உண்டியல் வேண்டுமா வேண்டாமா என்பதை அவளே சொல்லட்டும்.

அன்புடன்,
அண்ணன்