ஒலிவ மலையில் நின்ற பஸ்

கேள்வி: புனிதப் பயணமாக எருசலேம் போய்வந்தேன். யூதர்கள் வாழும் பகுதி பளிச்சென்று இருக்கிறது. அரபு மக்கள் வாழும் பகுதியில் நடைபாதை இல்லை, குப்பை குவிந்து கிடக்கிறது, வீட்டுக்கு வீடு மொட்டை மாடியில் கறுப்புத் தண்ணீர் டேங்க். வழிகாட்டியிடம் கேட்டேன். "அனுமதி வாங்காமல் கட்டுவார்கள், மாநகராட்சித் தேர்தலில் ஓட்டும் போட மாட்டார்கள், அப்புறம் மாநகராட்சி என்ன செய்யும்?" என்றார். அரசே கோடிக்கணக்கில் பணம் ஒதுக்கியிருக்கிறதாமே, இனியாவது சரியாகிவிடுமா?
– வாசகர் ஒருவர், நாசரேத், தூத்துக்குடி மாவட்டம்

பதில்: நாசரேத்திலிருந்து எருசலேமைப் பற்றிக் கேள்வி வருவது பொருத்தம்தான்! உங்கள் வழிகாட்டி பொய் சொல்லவில்லை. அனுமதி இல்லாத வீடுகள் அங்கே ஏராளம். ஓட்டுப் போடுகிறவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூடத் தேற மாட்டார்கள். ஏன் அப்படி என்று நீங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பஸ் புறப்படும் அவசரமாக இருந்திருக்கும்.

முதலில் அனுமதி விஷயம். நம்மூரில் வீடு கட்டப் பட்டா வேண்டும், மனைக்கு அங்கீகாரம் வேண்டும், அதற்கு மேல் வரைபட அனுமதி வேண்டும். அங்கேயும் கிட்டத்தட்ட இதே வரிசைதான். 1967 போரில் கிழக்கு எருசலேமைப் பிடித்த இஸ்ரேல், சுற்றியிருந்த கிராமங்களின் நிலத்தையும் சேர்த்துச் சுமார் 70 சதுர கிலோமீட்டரை மாநகராட்சி எல்லைக்குள் கொண்டுவந்தது. (இந்த இணைப்பைப் பெரும்பாலான நாடுகள் இன்றுவரை ஏற்கவில்லை. அது தனிக் கதை.) ஜோர்டான் ஆட்சியில் பாதியில் இருந்த நிலப்பதிவு வேலை அன்றோடு நின்றது. மறுபடி தொடங்கியது 2018-ல். நடுவில் ஐம்பது வருஷம்! இது தாத்தா நிலம் என்று ஊருக்கே தெரியும், மாநகராட்சியில் காட்ட ஒரு காகிதம் கிடையாது.

இப்போதுதான் பதிகிறார்களே, போய்ப் பதிய வேண்டியதுதானே என்பீர்கள். 1950-ல் இஸ்ரேல் கொண்டுவந்த 'இல்லாதோர் சொத்துச் சட்டம்' (இல்லாதோர் என்றால் ஏழைகள் இல்லை, ஊரில் இல்லாதவர்கள்) இன்னும் உயிரோடு இருக்கிறது. நான்கு வாரிசுகளில் ஒருவர் லெபனானில் அகதியாக இருந்தால், அவருடைய பங்கு அரசு நியமித்த காப்பாளர் கைக்குப் போகக்கூடும். பதியப் போய்ப் பங்கைப் பறிகொடுத்தவர்கள் ஆகிவிடுவோமோ என்று குடும்பங்கள் பயப்படுகின்றன. நியாயமான பயம்.

காகிதம் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அடுத்து, அந்த இடத்துக்கு அங்கீகரித்த நகரமைப்புத் திட்டம் வேண்டும். இணைத்த நிலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை அரசு கையகப்படுத்தி யூதக் குடியிருப்புகளுக்குக் கொடுத்தது. பாலஸ்தீனர்கள் கட்டிக்கொள்ளத் திட்டத்தில் ஒதுக்கியது 13 சதவீதம் என்கிறது ஐ.நா. அதிலும் பெரும்பகுதியில் ஏற்கெனவே வீடுகள் நிற்கின்றன. மிச்சத்தில் கணிசமான நிலத்துக்கு வரைபடத்தில் பச்சை அடித்திருக்கிறார்கள். பச்சை என்றால் கட்டக்கூடாத இடம். ஆனால் எல்லாருக்கும் எப்போதும் பச்சை இல்லை. ஜபல் அபு குனைம் என்ற பைன் மரக் குன்றும் பச்சையாகத்தான் இருந்தது. 1997-ல் புல்டோசர் ஏறியது. இன்று அங்கே ஹார் ஹோமா என்ற யூதக் குடியிருப்பு.

நீங்கள் நேரில் பார்த்த இடங்களையே எடுத்துக்கொள்வோம். ஒலிவ மலை உச்சியில் உங்கள் பஸ் நின்ற இடம் அத்-தூர் என்ற பாலஸ்தீனப் பகுதி. அதற்கும் பக்கத்து இசவிய்யாவுக்கும் நடுவில் கொஞ்சம் காலி நிலம் இருக்கிறது. இரண்டு ஊருக்கும் வளர மிஞ்சிய இடம் அதுதான். அதன் மேல் தேசியப் பூங்காத் திட்டம் ஒன்றைப் போட்டார்கள். சீலோவாம் குளத்துக்கும் போயிருப்பீர்கள். அது சில்வானில் இருக்கிறது. குளத்துக்குப் பக்கத்திலேயே அல்-புஸ்தான். அரபியில் புஸ்தான் என்றால் தோட்டம். பெயர்ப் பொருத்தம் பார்த்தார்களோ என்னவோ, வீடுகளை இடித்துவிட்டு 'ராஜாவின் தோட்டம்' அமைப்போம் என்று மாநகராட்சி கிளம்பியது. குடியிருப்பவர்கள் நிபுணர்களைப் பிடித்து, வீடும் இருக்கட்டும் பூங்காவும் இருக்கட்டும் என்று மாற்றுத் திட்டம் வரைந்து கொடுத்தார்கள். அதை ஏற்கவில்லை. "திட்டம் இல்லாமல் கட்டுகிறவர்கள்" என்று சொல்லும்போது இந்த ஒரு சங்கதியையும் உங்கள் வழிகாட்டி சேர்த்துக்கொள்ளலாம்.

'எருசலேம் 2000' என்ற முழுமைத் திட்ட ஆவணத்தில் யூதர் 70, அரபியர் 30 என்ற விகிதத்தைக் காப்பது அரசின் குறிக்கோள் என்று வெளிப்படையாகவே எழுதியிருந்தது. ஒரு நகரத்தின் திட்டத்தில் குழாயின் அளவைப் போடுவார்கள், தெருவின் அகலத்தைப் போடுவார்கள். யார் எத்தனை பேர் இருக்கலாம் என்று போட்ட பிறகு, வீட்டு அனுமதி எப்படித் தாராளமாக வரும்?

உங்கள் பஸ் போகாத இடம் ஒன்றையும் சொல்ல வேண்டும். கஃபர் அகாப். நகரின் வடகோடி. மேற்குக் கரையின் பாலஸ்தீன நகரமான ராமல்லா போகும் சாலையில், கலந்தியா சோதனைச் சாவடியைத் தாண்டி இருக்கிறது. சாவடியைத் தாண்டி என்பதைக் கவனியுங்கள். 2002-க்குப் பிறகு இஸ்ரேல் எழுப்பிய தடுப்புச் சுவர், இந்த ஊரையும் ஷுஅஃபாத் அகதி முகாமையும் வெளியே தள்ளிவிட்டுப் போயிற்று. ஆனால் மாநகராட்சி எல்லை மாறவில்லை. ஆக, நகரத்துக்குள்ளும் இல்லை, வெளியிலும் இல்லை. மாநகராட்சி ஆட்கள் சுவரைத் தாண்டி வருவது அபூர்வம், சுவருக்கு அந்தப் பக்கம் பாலஸ்தீன நிர்வாகத்துக்கு அதிகாரம் கிடையாது. கேட்பார் இல்லை என்றதும் கட்டுமான வியாபாரிகள் இறங்கிவிட்டார்கள். எட்டு மாடி, பத்து மாடி, பக்கத்துக் கட்டடத்துக்குக் கை நீட்டினால் தொடலாம். அஸ்திவாரத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பொறியாளர் யார் என்று கேட்காதீர்கள். 1927-ல் பூகம்பம் கண்ட பூமி அது.

இவ்வளவு மோசமான இடத்துக்கு ஏன் போகிறார்கள்? கிழக்கு எருசலேம் பாலஸ்தீனர்கள் குடிமக்கள் இல்லை, 'நிரந்தர வசிப்பாளர்கள்'. 'வாழ்க்கையின் மையம்' இந்த நகரம்தான் என்று காட்ட முடியாவிட்டால் அந்த உரிமையும் போய்விடும். 1967-லிருந்து 14,000 பேருக்கு மேல் அப்படி இழந்திருக்கிறார்கள். நகரத்துக்குள் வாடகை கட்டுப்படியாகாது, எல்லையைத் தாண்டி ராமல்லாவுக்குள் போனால் அந்த வசிப்புரிமை அட்டை போய்விடும். கஃபர் அகாபில் வாடகையும் குறைவு, அட்டையும் தங்கும். கணவனுக்கு எருசலேம் அட்டை, மனைவிக்கு மேற்குக் கரை அட்டை என்றால், இரண்டு பேரும் பெரிய தொந்தரவு இல்லாமல் ஒரே கூரையின் கீழ் இருக்க இதைவிட்டால் இடம் கிடைப்பது கஷ்டம்.

அங்கே 'ஆர்னோனா' என்று ஒரு வரி. நம்ம வீட்டு வரி மாதிரி. குப்பை அள்ளாவிட்டாலும், சாலை குழியாகக் கிடந்தாலும் அதைக் கட்டிவிடுகிறார்கள். அந்த ரசீதுதான் 'நான் இந்த நகரத்தில் வாழ்கிறேன்' என்பதற்குச் சாட்சி. ரசீதைப் பத்திரப்படுத்துவதற்காக வரி கட்டும் ஜனங்களை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

கறுப்பு டேங்க் பற்றிக் கேட்டீர்கள். வரும்போது பிடித்து வைத்துக்கொள்ளத்தான், சென்னைவாசிகளுக்கு விளக்க வேண்டியதில்லை. கஃபர் அகாபுக்குத் தண்ணீர் தருவது எருசலேம் குடிநீர் நிறுவனம்கூட இல்லை, ராமல்லா பக்கத்து நிறுவனம். கோடையில் முறை வைத்துத்தான் விடுவார்கள். ஷுஅஃபாத் முகாம் பக்கம் 2014 மார்ச்சில் வாரக்கணக்கில் குழாயில் காற்றுதான் வந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. விசாரித்தால், குழாய் போட்டது 15,000 பேருக்கு, குடியிருந்தது அதைப்போல் பல மடங்கு. சுவருக்கு வெளியே இருக்கும் இந்த இரண்டு பகுதியிலும் எத்தனை பேர் என்று உறுதியான கணக்கே கிடையாது. லட்சத்துக்கு மேல் என்கிறார்கள். தலையை எண்ணாமல் குழாயின் விட்டத்தை எப்படி முடிவு செய்வது? நெஞ்சு வலி வந்தால் இஸ்ரேல் ஆம்புலன்ஸ் போலீஸ் துணை இல்லாமல் உள்ளே வராது. நோயாளியைச் சாவடிவரை கொண்டுபோய் அங்கே வண்டி மாற்ற வேண்டும்.

இனி ஓட்டு. இதில் எனக்கு அவர்களோடு முழு உடன்பாடு இல்லை. மாநகர மன்றத்தில் 31 இடம். நகரில் பத்தில் நான்கு பேர் பாலஸ்தீனர்கள். மனது வைத்தால் பன்னிரண்டு உறுப்பினர்கள் உட்கார்ந்து கேள்வி கேட்கலாம். ஓட்டுப் போட்டால் இணைப்பை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்பது அவர்கள் நிலை. அந்த மானம் புரிகிறது, அதற்குக் கொடுத்த விலையும் தெரிகிறது. ஆனாலும் வழிகாட்டி சொல்கிற மாதிரி இது எல்லாவற்றுக்கும் விடை ஆகாது. குடியுரிமை இல்லாதவர் மேயர் ஆக முடியாது. பெரிய நகரமைப்புத் திட்டங்களை முடிவு செய்வது மன்றம் இல்லை, அரசின் மாவட்டத் திட்டக் குழு. வரி கட்டுகிறவனுக்குச் சாக்கடை போட ஓட்டுச் சீட்டைக் காட்டச் சொல்லும் சட்டமும் எங்கும் கிடையாது.

மாநகராட்சி என்ன செய்யும் என்றாரே. 1965 முதல் 1993 வரை மேயராக இருந்த டெடி கோலெக், 1990-ல் ஒரு பத்திரிகைப் பேட்டியில் தானே சொன்னார்: கிழக்கு எருசலேமுக்கு ஒன்றும் செய்யவில்லை, நடைபாதைகூட இல்லை. சாக்கடை போட்டதும் தண்ணீர் வசதியைக் கூட்டியதும் அவர்கள் நன்மைக்காக இல்லை, அங்கே காலரா தலைகாட்டியது, அது தங்களுக்கும் தொற்றிவிடும் என்று யூதர்கள் பயந்தார்கள். மனிதர் ஒளிக்கவில்லை, அதற்காகப் பாராட்டலாம்.

கடைசியாகப் பணம். 2018-ல் இஸ்ரேல் அரசு கிழக்கு எருசலேமுக்கு ஐந்தாண்டுத் திட்டம் போட்டு 210 கோடி ஷெக்கல் ஒதுக்கியது உண்மை. 2023-ல் 300 கோடிக்கு மேல் இன்னொரு திட்டம். சாலைகள் சில வந்தன, மறுப்பதற்கில்லை. கல்விப் பணத்தில் கணிசமான பங்கு இஸ்ரேல் பாடத்திட்டத்துக்கு மாறும் பள்ளிகளுக்கு என்று கட்டிவைத்தார்கள். வகுப்பறைப் பற்றாக்குறையை ஐந்து வருஷத்தில் தீர்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே சொல்லிவிட்டது. அதன் பிறகும் குறை ஆயிரக்கணக்கில்தான் நிற்கிறது. பணம் மட்டும் காரணமா? பள்ளி கட்ட இடம் வேண்டும். பெரிய நிலங்களைக் கையகப்படுத்தியாகிவிட்டது, மிஞ்சியவை குடும்பச் சொத்தாகத் துண்டு துண்டாகக் கிடக்கின்றன. பத்துப் பேர் நிலத்தை ஒன்றாக்கி, தெருவுக்கும் பள்ளிக்கும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு, மீதியைத் திருத்திப் பங்கிட்டுத் தர வேண்டும். இருக்கிற கட்டடங்களை உறுதி பார்த்து, தேறுவதை ஏற்று, அதற்குத் தக்க குழாயும் சாக்கடையும் வரைய வேண்டும். இது எல்லா ஊரிலும் செய்கிற வேலைதான். சொத்து பறிபோகாது என்ற உறுதி கிடைக்காமல் யார் பத்திரத்தை எடுத்துக்கொண்டு வருவார்கள்?

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. நிதி அமைச்சரவையிலிருந்து வந்துவிட்டது. திட்ட வரைபடம் மாவட்டக் குழுவின் மேஜையில் இருக்கிறது.