ரவி சகரியாஸ் விவகாரம்: மலையகச் சபையார் கேட்டவை

சென்னையில் 1946இல் பிறந்து, கிறிஸ்தவ விசுவாசத்துக்காக உலகெங்கும் பல்கலைக்கழக மேடைகளில் வாதாடியவர் ரவி சகரியாஸ். 2020 மே மாதம் இறந்தார். மசாஜ் தொழில் செய்த பெண்கள் பலரிடம் அவர் பாலியல் ரீதியாகத் தவறாக நடந்தார் என்று 2021 பெப்ரவரியில் ஓர் அறிக்கை வந்தது. அதைத் தயாரித்தது அவருடைய ஊழிய நிறுவனமே அமர்த்திய சட்ட நிறுவனம். இதைப் பற்றி நம் சபைகளிலிருந்து வந்த கேள்விகளுக்கு என்னால் முடிந்த பதில்கள் இவை.

கொட்டகலை, வாலிபர்: ஐயா, அவர் பேச்சைக் கேட்டுத்தான் விசுவாசத்தில் நிலைத்தேன். அதுவும் பொய்யா?

இல்லை தம்பி. இயேசு உயிர்த்தெழுந்தது அவர் சொன்னதால் உண்மையாகவில்லை, அவர் கெட்டதால் பொய்யாகவும் ஆகாது. ஆனால் வாலிபர் கூட்டத்தில் இனி அவருடைய வீடியோவைப் போடாதீர்கள்.

நுவரெலியா, சகோதரி: தாவீதும் விழுந்தவர்தானே? செத்தவரை ஏன் இழுக்க வேண்டும்?

அக்கா, இந்தக் கேள்விதான் அதிகம் வந்தது. பத்சேபாளை எடுத்துக்கொண்டு அவள் கணவன் உரியாவைக் கொல்லவைத்த பாவத்தை நாத்தான் தீர்க்கதரிசி முகத்துக்கு நேராகச் சொன்னதும் தாவீது ராஜா, 'பாவஞ்செய்தேன்' என்றார். 2017இல் கனடாப் பெண் ஒருவர் குற்றஞ்சாட்டியபோது ரவி மறுத்தார், அந்தப் பெண் மேலேயே வழக்குப் போட்டார். கடைசியில் வெளியே பேசக்கூடாது என்ற ஒப்பந்தத்தோடு அது முடிந்தது. ஊழியத்தின் நிர்வாகக் குழுவும் அவரையே நம்பியது. பிறகு அதே குழு அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்க வேண்டி வந்தது. அந்தப் பெண் வாய்மூடிக் கிடந்த வருடங்களை யார் திருப்பிக் கொடுப்பது?

செத்தவரைப் பற்றியும் கேட்டீர்கள். தாவீது இறந்து ஏறக்குறைய ஆயிரம் வருடம் கழித்து மத்தேயு இயேசுவின் வம்ச வரலாற்றை எழுதுகிறார். அதில் பத்சேபாளின் பெயரைப் போடாமல் 'உரியாவின் மனைவி' என்றே எழுதுகிறார். கொலையுண்டவனின் பெயரை வேதம் மறைக்கவில்லை, நாம் மட்டும் ஏன் மூடி வைக்க வேண்டும்?

பொகவந்தலாவை, சகோதரர்: 'அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடாதே' என்கிறாரே எங்கள் பாஸ்டர்?

சங்கீதம் 105இல் அது ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு பற்றியது. ஊர் ஊராய் அலைந்த அவர்களுக்குத் தீங்கு செய்யாதே என்று ராஜாக்களுக்குச் சொன்னது. பாஸ்டரிடம் கணக்குக் கேட்காதே என்று அதற்கு அர்த்தமில்லை. தன்னைக் கொல்லத் தேடிய சவுல் ராஜாவைக் கொல்லாமல் விட்ட தாவீதுகூடக் குகைக்கு வெளியே நின்று, சவுலின் அநியாயத்தை அவர் முகத்துக்கு முன்னே உரக்கச் சொன்னார். இரண்டு மூன்று சாட்சி வேண்டும் என்று 1 தீமோத்தேயு 5:19ஐக் காட்டுகிறவர்கள், அடுத்த வசனத்தை வாசிப்பதே இல்லை. பாவம் செய்தவர்களை எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள் என்கிறது அது. தோட்டத்தில் வேலை வாங்கும் கங்காணி முன் வாய் திறக்காமல் வளர்ந்த பழக்கம் சபைக்குள்ளும் வந்துவிட்டதோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

பண்டாரவளை, மூப்பர்: சின்னச் சபை நாங்கள். என்ன செய்யலாம்?

காணிக்கையை இரண்டு பேர் எண்ணிக் கையெழுத்துப் போடுங்கள், அவர்கள் ஒரே குடும்பமாக இருக்கக்கூடாது. ஜெபத்துக்கு வரும் பெண்ணோடு ஊழியக்காரர் கதவை மூடிக்கொண்டு தனியாக இருக்க வேண்டாம். அப்புறம், பிள்ளைகள் சம்பந்தப்பட்டது என்றால் சபைக்குள் பஞ்சாயத்தே கூடாது, இலங்கையின் சிறுவர் உதவித் தொலைபேசி எண்ணான 1929க்கு அழையுங்கள்.

பதுளை, சகோதரி: அவர் புத்தகங்களை எரித்துவிடவா?

எரிப்பானேன்? யாருக்கும் பரிசாகக் கொடுக்காதீர்கள், போதும்.

ஹட்டன், சகோதரி: எங்கள் லயத்துத் தங்கச்சி ஒருத்தி ஊழியக்காரர் ஒருவரைப் பற்றி ஏதோ சொல்ல வந்து பாதியில் நிறுத்திவிட்டாள்.

இன்றைக்கே போய்ப் பாருங்கள், பாஸ்டரம்மாவைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். 'மன்னித்துவிடு' என்று ஆரம்பிக்கவும் வேண்டாம். அவள் சொல்லச் சொல்லக் கேளுங்கள். பொலிஸுக்குப் போக வேண்டுமென்றால் நீங்களே துணைக்குப் போங்கள்.