ஜாக்கி தூக்கும், ஸ்டாண்ட் தாங்கும்

கேள்வி: கார் வாங்கியபோது டிக்கியில் கொடுத்த ஜாக்கியை வைத்தே வண்டியைத் தூக்கி, அடியில் படுத்து எஞ்சின் ஆயில் மாற்றலாமா? (ஈரோடு)

பதில்: கூடாது. அது சாலையோரத்தில் ஸ்டெப்னி மாற்றுவதற்கு மட்டும் தந்தது. அடியில் படுக்கும் முன், தூக்கிய வண்டியை ஸ்டாண்டின் மேல், அதாவது எடையைத் தாங்கி நிற்கும் இரும்புக் கால்களின் மேல், இறக்கி வைக்க வேண்டும்.

கேள்வி: இணையத்தில் 2 டன் தூக்கும் பாட்டில் ஜாக்கி (பாட்டில் போல நிமிர்ந்து நிற்பது) வாங்கினேன். என் சிறிய காருக்கு அடியில் அது நுழையவே இல்லை. 3 டன் வாங்குங்கள் என்கிறார் கடைக்காரர். (தஞ்சாவூர்)

பதில்: டன் கணக்குக்கும் உங்கள் சிக்கலுக்கும் தொடர்பே இல்லை. ஸ்விஃப்ட் போன்ற காரின் மொத்த எடையே ஏறக்குறைய 900 கிலோதான். ஒரு மூலையைத் தூக்கும்போது அதிலும் ஒரு பங்குதான் ஜாக்கியின் மேல் விழும். நீங்கள் கேட்க வேண்டியிருந்தது வேறு: முழுக்க இறக்கிய நிலையில் ஜாக்கியின் உயரம் எவ்வளவு, முழுக்க ஏற்றினால் எவ்வளவு? வண்டியில் ஜாக்கி வைக்கும் இடத்துக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை முதலில் அளந்துகொள்ளுங்கள். டயரில் காற்று இறங்கினால் அது இன்னும் குறையும். பாட்டில் ஜாக்கி லாரிக்கும் உயரமான ஜீப்புக்கும் சரி. உங்களுக்குத் தாழ்வான, சக்கரங்களில் உருளும் டிராலி ஜாக்கிதான் பொருந்தும். விற்பனைப் பக்கத்தில் உயர அளவு குறிப்பிடப்படவில்லை என்றால், அதையே காரணமாக எழுதித் திருப்பி அனுப்புங்கள்.

கேள்வி: 3 டன் தாங்கும் என்று போட்டிருந்த ஸ்டாண்ட் ஒரு ஜோடி இணையத்தில் வாங்கினேன். முதல் முறை வண்டியை வைத்தபோதே ஒன்றின் கால் வெல்டிங் விட்டு, கார் சரிந்தது. கழற்றிய சக்கரத்தை அடியில் போட்டிருந்ததால் என் மகன் தப்பினான். திருப்பிக் கொடுக்கும் 7 நாள் முடிந்துவிட்டது என்று விற்பனையாளர் கைவிரித்துவிட்டார். பெட்டியில் தயாரிப்பாளர் பெயரே இல்லை. (மதுரை)

பதில்: உங்கள் மகன் நலமாக இருப்பது பெரிய ஆறுதல். கழற்றிய சக்கரத்தை வண்டிக்கு அடியில் தள்ளி வைக்கும் பழக்கத்தை உங்கள் வீட்டில் யார் சொல்லிக்கொடுத்தாரோ, அவருக்கு நன்றி சொல்லுங்கள்.

அந்த 7 நாள் விதி, மனம் மாறிப் பொருளைத் திருப்புகிறவர்களுக்கானது. குறையுள்ள பொருளால் ஏற்பட்ட சேதத்துக்கு அது வேலி ஆகாது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பொருள் பொறுப்பு என்று தனி அத்தியாயமே இருக்கிறது. தயாரிப்பாளர் யாரென்று தெரியாவிட்டால் விற்றவரே பொறுப்பேற்க வேண்டும் என்று அது சொல்கிறது. பெட்டியில் பெயர் இல்லாதது உங்களுக்கு எதிரானது என்று நினைக்காதீர்கள், விற்றவருக்குத்தான் எதிரானது.

உடைந்த ஸ்டாண்டையும் பெட்டியையும் வீசிவிடாதீர்கள். திருப்பி அனுப்பினால் பணம் தருகிறோம் என்று இப்போது சொன்னாலும் அனுப்ப வேண்டாம். அதுதான் உங்கள் சாட்சி. வெல்டிங் விட்ட இடத்தைப் பல கோணங்களில் படமெடுங்கள். பில்லோடு விற்பனைத் தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் அவர் புகார் கிடைத்ததாக ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915லும் பதிவு செய்யுங்கள். அதற்கும் அசையாவிட்டால் மதுரையிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். விற்றவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் ஊரில் தொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட பொருளுக்குக் கட்டணம் இல்லை. 2 ஆண்டு அவகாசம் உண்டு, ஆனாலும் தள்ளிப் போடாதீர்கள்.

பெயரில்லாத பெட்டி பற்றி நான் வெகு நாட்களாகவே கொதித்துக்கொண்டிருக்கிறேன். 2020இல் அமெரிக்காவில் ஹார்பர் ஃபிரைட் என்ற பெரிய கடைத் தொடர் தான் விற்ற 3 டன், 6 டன் ஸ்டாண்டுகளைத் திரும்பப் பெற்றது. உயரத்தைப் பிடித்து நிறுத்தும் பற்களில் கொக்கி சரியாகப் பதியாமல், திடீரென இறங்கிவிடும் ஆபத்து இருந்தது. தேய்ந்துபோன அச்சுக் கருவிகளில் செய்ததுதான் காரணம். மாற்றாகக் கொடுத்த ஒரு வகையிலும் சிலவற்றில் வெல்டிங் குறை தெரிய, அதையும் திரும்பப் பெற்றார்கள். பெரிய அவமானம்தான். ஆனால் ஒவ்வொரு ஸ்டாண்டிலும் வகை எண் இருந்தது. வாங்கியவர் எண்ணைப் பார்த்து, கடைக்குக் கொண்டுபோய்க் கொடுக்க முடிந்தது. இங்கே ஆபத்தான பொருளைத் திரும்பப் பெறச் சொல்லி உத்தரவிட மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கிறது. பெயரும் எண்ணும் இல்லாத இரும்பை அவர்கள் எங்கே போய்த் தேடுவார்கள்? தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, தயாரான நாடு, அதிகபட்ச விலை ஆகியவை பெட்டியில் இருக்க வேண்டும் என்பது 2011ஆம் ஆண்டு பொட்டலப் பொருள் விதி. இதை மீறி மிட்டாய் விற்றாலே தவறு. மனிதன் தலைக்கு மேல் ஒரு டன் எடையைத் தாங்கப்போகிற பொருளை இப்படி விற்பதை என்னால் பொறுக்கவே முடியவில்லை.

என் வீட்டிலும் அப்படி ஒன்று கிடக்கிறது. 3 டன் என்று பெரிய எழுத்தில் ஒட்டிய டிராலி ஜாக்கி. சில மாதங்களில் அந்தத் தாள் உரிந்தது. அடியில் இன்னொரு தாள், அதில் 2 டன். கடைக்குக் கொண்டுபோனேன். பில்லில் டன் கணக்கு எழுதவில்லையே என்றார் விற்றவர். அன்றிலிருந்து எந்தக் கடையிலும் வகை எண்ணையும் தாங்கும் எடையையும் பில்லில் எழுதச் சொல்லியே வாங்குகிறேன். எழுத மறுக்கிற கடையில் வாங்குவதில்லை.

கேள்வி: போன மாதம் 40,000 ரூபாய்க்கு அலாய் வீல் போட்டேன். ஸ்டாண்ட் ஜோடி 2,000 ரூபாய் கேட்கிறார்கள், அதிகமாகத் தெரிகிறது. வீட்டில் ஹாலோ பிளாக் நான்கு இருக்கின்றன. அடுக்கி வைத்தால் தாங்காதா? (சேலம்)

பதில்: அழகுக்கு 40,000 கொடுத்தவர் உயிருக்கு 2,000 அதிகம் என்கிறீர்கள். ஹாலோ பிளாக் சுவரில் இருக்கும்போது எடை அதன் மேற்பரப்பு முழுக்கப் பரவுகிறது. காரின் இரும்பு விளிம்பு ஒரே கோட்டில் அழுத்தினால் அது வளையாது, முனகாது. ஒரே நொடியில் நொறுங்கும். செங்கல்லும் அப்படித்தான். ஸ்டாண்ட் வாங்கும்வரை அடியில் போகாதீர்கள். இதற்கு மேல் இதில் விவாதிக்க ஒன்றும் இல்லை.

கேள்வி: ஹேண்ட்பிரேக் போட்டுவிட்டுத்தான் பின்பக்கத்தைத் தூக்கினேன். ஆனாலும் கார் நகர்ந்து ஜாக்கி சாய்ந்துவிட்டது. ஜாக்கி தரமில்லாததா? (நாமக்கல்)

பதில்: ஜாக்கியின் மேல் பழி இல்லை. பெரும்பாலான கார்களில் ஹேண்ட்பிரேக் பின்சக்கரங்களைத்தான் பிடிக்கிறது. அவற்றைத் தரையிலிருந்து எடுத்துவிட்டால் வண்டியைப் பிடிக்க ஒன்றுமில்லை. தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். ரப்பர் ஆப்பு ஒரு ஜோடி மலிவாகவே கிடைக்கிறது. ஜாக்கி வாங்கும் அன்றே அதையும் வாங்க வேண்டும். டிராலி ஜாக்கி ஏறும்போது அதன் சக்கரங்கள் சற்று உருள வேண்டும் என்பதால் சமமான சிமெண்டுத் தரை தேவை. மண்தரையில் அது சிக்கிக்கொண்டு வண்டியை இழுக்கும். வெயிலில் இளகிய தாரில் ஸ்டாண்டின் கால்களும் இறங்கும். ஸ்டாண்டின் மேல் இறக்கிய பிறகு, அடியில் போகும் முன், வண்டியைப் பக்கவாட்டில் நன்றாகத் தள்ளிப் பாருங்கள். ஆடினால் திரும்பத் தூக்கி, சரியாக வையுங்கள்.

கேள்வி: ஜாக்கி தானாக இறங்கியது. பிரேக் ஆயில் ஊற்றினேன். இப்போது ஒழுகவும் செய்கிறது. (கரூர்)

பதில்: ஹைட்ராலிக் ஜாக்கி ஆயில் மட்டுமே ஊற்ற வேண்டும். பிரேக் ஆயில் உள்ளே இருக்கும் ரப்பர் வளையங்களைக் கெடுத்துவிடும். பழுதுபார்க்கிறவரிடம் எல்லா வளையங்களையும் மாற்றச் சொல்லுங்கள். அந்தச் செலவு புது விலையை நெருங்கினால் புதிதே வாங்குங்கள்.

கேள்வி: டயர் மாற்றக் கடையில் விட்டேன். கதவுக்குக் கீழே உள்ள விளிம்பு நசுங்கி வந்தது. முன்பே அப்படித்தான் இருந்தது என்கிறார்கள். நான் பெண் என்பதால் எனக்கு ஒன்றும் தெரியாது என்று நினைக்கிறார்கள். (நாகர்கோவில்)

பதில்: அம்மா, நீங்கள் சொல்வதை நம்புகிறேன். அந்த விளிம்பில் ஜாக்கி வைக்க வேண்டிய இடத்தைப் பள்ளம் வெட்டியோ அம்புக்குறி இட்டோ காட்டியிருப்பார்கள். உங்கள் காரின் கையேட்டில் படமும் இருக்கும். நசுங்கல் அந்தக் குறிகளைத் தாண்டி இருந்தால், இடம் பார்க்காமல் தூக்கியிருக்கிறார்கள் என்று வாதிடலாம். படத்தையும் கையேட்டின் பக்கத்தையும் சேர்த்து, சரிசெய்யும் செலவைக் கேட்டு எழுத்தில் கொடுங்கள். இது சேவைக் குறைபாடு, மறுத்தால் 1915. புதிதாகத் துரு இல்லாமல் மின்னும் கீறலை இப்போதே தேதி தெரியும்படி படமெடுங்கள். மழையில் நனைந்தால் இரண்டே நாளில் அதுவும் பழையது போலாகிவிடும்.